தேயிலை மலையின் கதையை யார் படமெடுப்பது?

கேமரன் மலைக்குக் காரில் ஏறுகிறவர்கள், தேயிலைச் சரிவு கண்ணில் பட்டதும் வண்டியை ஓரங்கட்டிப் படம் பிடித்துக்கொள்ளாமல் போவது அரிது. அந்தப் படங்களில் மலை இருக்கும். மேகம் இருக்கும். பச்சைப் பாய் விரித்தாற்போல் செடிகள் இருக்கும். அந்தச் செடியை நட்டவரும், கொழுந்து பறித்தவரும் மட்டும் இருக்க மாட்டார்கள்.

தமிழ்த் திரைப்படமும் நெடுங்காலம் இதைத்தான் செய்தது. தேயிலைத் தோட்டம் என்றால் அங்கு ஒரு பாட்டு. நாயகனும் நாயகியும் சரிவில் ஓடி வருவார்கள். கூடை சுமந்த பெண்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் கதை பட்டணத்துக்குத் திரும்பிவிடும். அந்தப் பெண்கள் விடியற்காலைப் பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பிள்ளையை யாரிடம் விட்டு வந்தார்கள், மாலையில் நிறுவைக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சியது என்ற கேள்விகளுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்கிற ஒரு வகைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் சுயாதீன இயக்குநர்கள் என்கிறோம். அவர்களுடைய தொழில்வாழ்க்கை எப்படி நடக்கிறது? பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால், தேயிலை மலையின் கதை ஏன் இன்னும் முழுமையாகத் திரைக்கு வரவில்லை என்பதும் புரியும்.

மலைக்கு வந்த மக்கள்

1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது. காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தமிழர்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 1938-இல் அன்றைய இந்திய அரசு, மலாயாவுக்கு ஆள் சேர்த்துக் கூலித் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அப்படியானால் கங்காணி சேர்த்த ஆட்களாகக் கப்பலேறி வந்து, இந்த மலையில் முதல் செடியை நட்டவர்கள் ஏறக்குறைய பத்தாண்டுக் கால இடைவெளிக்குள் வந்தவர்கள். அந்தத் தலைமுறை போய்விட்டது. லயத்தில் பிறந்த அவர்களுடைய மூத்த பிள்ளைகளுக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. பேரப் பிள்ளைகளில் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். விரல்கள் செய்த வேலையின் பெரும்பகுதியை இப்போது வெட்டுக் கருவிகள் செய்கின்றன.

ஆக, இந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. இதில் அவசரம் இருப்பது அதனால்தான்.

சுயாதீன இயக்குநர் என்றால் யார்?

குறைந்த செலவில் படமெடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். பெரிய நிறுவனத்தின் முதலீட்டில் எடுக்கப்படும் படத்தில், யார் நடிக்க வேண்டும், எத்தனை பாட்டு, முடிவு எப்படி என்பதிலெல்லாம் பணம் போட்டவருக்குப் பேச்சுரிமை உண்டு. சுயாதீன இயக்குநர் அந்த உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் விலை, பணத்தைத் தானே தேடுவது. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, விளம்பரம் என்று ஒருவரே நான்கு வேலை பார்ப்பதும், நட்சத்திரங்களுக்குப் பதில் நண்பர்களையும் ஊர் மக்களையும் நடிக்க வைப்பதும் இதனால்தான்.

இந்த நாட்டுத் திரைப்பட வரலாற்றில் இந்தியர்களின் பங்கு சிறியதல்ல. 1930-களில் 'லைலா மஜ்னுன்' என்ற முதல் மலாய்ப் படத்தை இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ். பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' படத்தை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். மலாய்த் திரையுலகத்தின் அடித்தளத்தில் இந்திய இயக்குநர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அவர்கள் ஸ்டுடியோ முதலாளிகளுக்குப் படமெடுத்தவர்கள். தோட்டத்து லயத்தின் கதையை எடுக்க அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கதை திரைக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

செம்மண் சாலை போட்ட வழி

வழியைத் திறந்தது ஒரு கருவி. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு, படச்சுருள் வாங்கவும் கழுவவும் ஆகும் பெருஞ்செலவு இல்லாமல் போனது. 2000-இல் அமீர் முகமட் 'லிப்ஸ் டு லிப்ஸ்' என்ற படத்தை டிஜிட்டலில் எடுத்தார். ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், டான் சூய் முய் என்று ஓர் இளைஞர் கூட்டமே கிளம்பியது. ஒருவர் படத்தில் இன்னொருவர் உதவியாளராகவும், மற்றவர் படத்தில் தயாரிப்பாளராகவும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். கூட்டுறவுக் கடை நடத்துவதைப் போலப் படமெடுத்தார்கள் என்று சொல்லலாம்.

அந்தக் கூட்டத்திலிருந்து வந்த தமிழ்க் குரல் தீபக் குமரன் மேனன். 2005-இல் வெளிவந்த அவருடைய 'செம்மண் சாலை', ரப்பர் தோட்டத்தில் வளரும் சாந்தா என்ற பெண்ணின் கதை. அவளுக்குப் படிக்க வேண்டும், பல்கலைக்கழகம் போக வேண்டும் என்ற ஆசை. குடும்பத்தின் நிலைமையோ அதற்கு இடம் தருவதாக இல்லை. தம் தாயார் சொன்ன தோட்டத்து நினைவுகளிலிருந்துதான் தீபக் இந்தக் கதையை எடுத்தார். படத்தில் வில்லன் இல்லை, சண்டை இல்லை. பால் மரமும், லயத்து வாசலும், வீட்டுக்குள் நடக்கும் தாழ்ந்த குரல் பேச்சும்தான் இருக்கின்றன. மலேசியத் தமிழர்கள் வீட்டில் பேசுகிற தமிழையே பாத்திரங்கள் பேசின.

அந்தப் படம் ராட்டர்டாம் முதலிய அனைத்துலகத் திரைப்பட விழாக்களுக்குப் போனது. மலேசியாவில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதையே அறியாத பார்வையாளர்கள் ஒரு தோட்டத்துப் பெண்ணின் ஆசையைப் புரிந்துகொண்டார்கள். அம்மா சொன்ன கதை உலகத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தது. பணக்காரத் தயாரிப்பாளர் ஒருவரும் வாங்கித் தர முடியாத முதலீடு அந்தத் தாயின் ஞாபகம்.

இரண்டாவது படம் என்னும் மேடு

முதல் படத்தை ஆசையில் எடுத்துவிடலாம். நண்பர்கள் சம்பளம் வாங்காமல் வருவார்கள். உறவினர் சோறாக்கிப் போடுவார்கள். இரண்டாவது படத்துக்கும் அதையே எதிர்பார்க்க முடியாது. சுயாதீன இயக்குநர்களில் பலர் கால் இடறுவது இந்த மேட்டில்தான்.

தீபக் அந்த மேட்டை ஏறினார். 2007-இல் 'சலங்கை' வந்தது. இம்முறை களம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். பூ விற்றுப் பிழைக்கும் தாய், பரதம் கற்க ஏங்கும் மகள் என்று நகரத்துச் சிறு குடும்பத்தின் கதை. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த சமுதாயம் என்ன ஆனது என்ற அடுத்த கேள்வியை இந்தப் படம் கேட்டது.

விழாக்களில் கிடைக்கும் கைத்தட்டலால் வீட்டு வாடகை கட்ட முடியாது. உள்ளூர்த் திரையரங்கில் படம் ஓட வேண்டும். அக்காலத்தில் உள்ளூர்ப் படங்களுக்கான சலுகைகள் மலாய்மொழிப் படங்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருந்தன. மலேசியர் எடுத்த, மலேசியாவில் நடக்கும் கதையானாலும், தமிழ் பேசினால் அது எந்தக் கணக்கில் சேரும் என்பதில் குழப்பம் இருந்தது. இன்னொரு பக்கம், ரசிகர்களுக்குத் தமிழ்ப்படம் என்றாலே சென்னையிலிருந்து வருவதுதான். ஆக, சட்டத்தின் கண்ணில் பாதி அந்நியமாகவும், ரசிகரின் கண்ணில் பாதி அந்நியமாகவும் மலேசியத் தமிழ்ப்படம் நின்றது.

'ஜகாட்' தட்டிய கதவு

பத்தாண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்தது. கெட்டவன் என்று பொருள்படும் 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாக்கில் மருவிய வடிவமே இந்தத் தலைப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களைப் பற்றிய படம். 1990-களின் தொடக்கத்தில், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் கண்வழியே கதை போகிறது. கற்பனை மிகுந்த பிள்ளை. அதைப் பள்ளியும் புரிந்துகொள்ளவில்லை, வீடும் புரிந்துகொள்ளவில்லை. அடிதான் விழுகிறது. குண்டர் கும்பலில் இருக்கும் சிற்றப்பனின் உலகம் அவனை இழுக்கிறது.

நம் இளைஞர்கள் ஏன் கெட்டுப்போகிறார்கள் என்று மேடைதோறும் கேட்கிறோம். 'ஜகாட்' அதற்கு அறிவுரை சொல்லவில்லை. ஒரு பிள்ளை எப்படிப் படிப்படியாக நழுவுகிறான் என்பதைக் காட்டியது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு வீடும் வேலையும் மட்டும் போகவில்லை, பிள்ளையைக் கண்காணித்த ஊரும் போய்விட்டது என்பதைப் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள்.

மறு ஆண்டு, 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் ஒரு சர்ச்சை எழுந்தது. தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்களுக்கு வேறு பிரிவு என்று சிறந்த படத்துக்கான விருது பிரிக்கப்பட்டிருந்தது. 'ஜகாட்'டும், பல மொழி பேசிய 'ஓலா போலா'வும் இரண்டாவது பிரிவில் வைக்கப்பட்டன. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் மலாய்க் கலைஞர்கள். நடிகர் அப்டிலின் சௌகி விழாவைப் புறக்கணிப்பதாகவே அறிவித்தார். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றி அமைத்தார்கள். எல்லா மொழிப் படங்களும் போட்டியிட்ட சிறந்த மலேசியப் படம் என்ற விருதைத் தமிழ் பேசிய 'ஜகாட்' வென்றது.

தமிழில் பேசினாலும் இது மலேசியக் கதைதான் என்பதை நாடே ஒப்புக்கொண்ட நாள் அது. தீபக் கிளப்பிய கேள்விக்குச் சஞ்சை காலத்தில் ஒரு பதில் கிடைத்தது. ஓர் இயக்குநர் போட்ட பாதையில் அடுத்தவர் நடக்கிறார். சுயாதீனம் என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கொள்ளக் கூடாது.

பணம் வந்த வழிகள்

எல்லா ஊர்களிலும் இந்தத் தொழில் இப்படித்தான் நடந்திருக்கிறது. கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்தார். காப்புறுதியை அடகு வைத்தார். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது. பணம் தீர்ந்தால் படப்பிடிப்பு நிற்கும், கிடைத்தால் தொடரும். கடைசியில் மேற்கு வங்காள அரசு கைகொடுத்தது. பெயரில் பாதை இருந்ததால், கணக்கில் அதைச் சாலை மேம்பாடு என்று எழுதிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. 1955-இல் வெளிவந்த படம் மறு ஆண்டு கான் விழாவில் சிறப்பு விருது பெற்றது.

கேரளத்தைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம் வேறு வழி கண்டார். 'அக்ரகாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தை 1977-இல் எடுத்தவர் அவர். பிறகு ஒடேசா என்ற குழுவை நண்பர்களுடன் அமைத்தார். ஊர் ஊராகப் போய் நல்ல படங்களைத் திரையிட்டு, மக்களிடமே காசு திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார். படம் பார்ப்பவரே படத்தின் முதலாளி.

தமிழ்நாட்டில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-இல் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறும் ரங்கசாமிக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஆசை. நடித்தவர்களில் பலர் அந்த மலையோர ஊர்களின் மக்கள். நட்சத்திரம் இல்லாத இந்தப் படத்தைத் தயாரித்தவர் நட்சத்திர நடிகர் விஜய் சேதுபதி. இசை இளையராஜா. வென்றவர்கள் கை நீட்டினால் சிறிய படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று.

கைக்காசு, நண்பர் உழைப்பு, அரசு உதவி, மக்கள் நன்கொடை, வெற்றி பெற்றவரின் ஆதரவு. ஐந்து வழிகள்தாம் மாறி மாறி வருகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் தொலைக்காட்சி வேலை, விளம்பரப் படம், விரிவுரை என்று ஏதாவது ஒன்று அடுப்பை எரிய வைக்கிறது.

தேயிலை மலைக்கு இதில் என்ன பாடம்?

தேயிலைத் தொழிலாளர் கதை தமிழில் தொடப்படாததல்ல. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், தாம் கேட்டவற்றையும் கண்டவற்றையும் வைத்து 'ரெட் டீ' என்ற நாவலை 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதைத் தழுவி 2013-இல் பாலா 'பரதேசி' எடுத்தார். ஒரு மருத்துவர் நோயாளிகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்ததால்தான், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும் ஒரு படம் பிறக்க முடிந்தது.

கேமரன் மலையிலும் முதல் வேலை அதுதான். கேமரா இன்று பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கிறது. அன்று தீபக் தலைமுறை கடன் வாங்கிய கருவியைவிட இன்றைய கைப்பேசி தெளிவாகப் படம் பிடிக்கிறது. குறைவது கருவி அன்று. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பொறுமைதான் குறைகிறது. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? பனிக் காலையில் கை மரத்துப் போனால் என்ன செய்தீர்கள்? மண்டோர் யாருக்கு இரங்கினார், யாருக்கு இரங்கவில்லை? கோயில் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள்? கேட்டு, பதிவு செய்து, தேதியும் இடமும் குறித்து வைத்தால், அது பின்னொரு நாளில் ஒரு திரைக்கதைக்கு விதை.

மலையில் படமெடுப்பதற்குத் தொழில்நுட்பமும் உண்டு. 1962-இல் ராய் டார்ஜிலிங்கில் 'காஞ்சன்ஜங்கா' எடுத்தபோது, வெயில் வந்தால் ஒரு காட்சி, மூடுபனி வந்தால் வேறு காட்சி என்று முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருந்தார். பனியை இடையூறாக நினைக்காமல் கதையோடு சேர்த்துக்கொண்டார். கேமரன் மலையில் பத்து மணிக்கு வெயிலும் இரண்டு மணிக்கு மழையும் வருகிறதே என்று சலிப்பவர்களுக்கு இது நல்ல வழிகாட்டி.

பார்வையாளரின் கடமை

கடைசியாக ஒன்று. உள்ளூர்ப் படங்களுக்குத் திரையரங்கில் குறைந்தது 14 நாள் இடம் தர வேண்டும் என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. இடம் கிடைத்தாலும் இருக்கையை நிரப்ப வேண்டியது ரசிகர்தான். பெரிய படம் முதல் வாரம் தவறினாலும் விளம்பரத்தால் எழுந்துகொள்ளும். சிறிய படத்துக்கு முதல் சனி, ஞாயிறுதான் உயிர். அந்த இரண்டு நாளில் அரங்கு காலியாக இருந்தால், காட்சி நேரம் நள்ளிரவுக்குத் தள்ளப்படும், பிறகு பெயர்ப் பலகையே இறங்கிவிடும். பிறகு தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிரம் பேர் நினைத்தால், அந்த இயக்குநரின் இரண்டாவது படம் பிறக்காமலே போகும்.

தமிழ்ப்பள்ளிகளும், ஆலயங்களும், இளைஞர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு மாலையை உள்ளூர்ப் படத்துக்கு ஒதுக்கலாம். இயக்குநரை அழைத்து மாணவர்களுடன் பேச வைக்கலாம். நம்மைப் போலப் பேசுகிற, நம் பெயரைக் கொண்ட ஒருவர் படமெடுத்திருக்கிறார் என்று தோட்டத்துப் பிள்ளை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், அந்தத் தொழில் எட்டாத நிலவாக இருக்காது.

தோட்டத்தில் கொழுந்து மீண்டும் துளிர்க்கும். ஒரு மூதாட்டியோடு போய்விட்ட ஞாபகம் துளிர்க்காது. கேமரன் மலையின் கதையை எடுக்கப் போகிறவர் ஒருவேளை இன்று ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ புத்தகப் பையுடன் பேருந்துக்குக் காத்திருக்கலாம். வீட்டில் பாட்டி இருந்தால், இந்த வார இறுதியிலேயே அவர் கேட்கத் தொடங்கட்டும்.